ஐந்து பேருக்கு ஒரு ஊர்

போனில் கூடியவர்கள் இவர்கள்.

முருகேசன், மணப்பாறை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன.

யோகன், சாவகச்சேரி. சர்க்கரை. மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்த வேண்டும்.

நவ்ஸாத், கண்டிக்குப் பக்கத்தில் மடவளை. கயிறு, ஆணி, பிளாஸ்டிக் வாளி விற்கிற கடை. உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாய் மட்டும் ஓயாது.

செல்வராசா, புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவன்.

ஐந்தாவது நான். காளிமுத்து, பேராவூரணி.

ஐந்து பேரும் தோகாவில் பதினொரு வருடம் ஒரே அறை. இரும்புக் குழாயில் சாரம் கட்டுகிற வேலை. கட்டிடம் எழும்புவதற்கு முன் நாங்கள் எழும்புவோம். அது எழும்பி முடித்ததும் எங்களைக் கழற்றிவிடுவார்கள். ஒவ்வொருவராக ஊர் திரும்பினோம். அதன்பிறகு ஐந்து பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை கூடலாம் என்று பேச்சு வந்தது. இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுப் பிரிவது. எந்த ஊர் என்பதில்தான் மாதக்கணக்கில் இழுத்தது.

செல்வராசாவால் விமானம் ஏற முடியாது. அதனால் எங்கள் பக்கம் இல்லை. யாழ்ப்பாணம் என்றால் அவனுக்கு ஒரு நாள் முழுக்க பஸ். கொழும்பு என்றால் வெயிலும் நெரிசலும். கண்டி என்று நவ்ஸாத் சொன்னதும் செல்வராசா உடனே பேசினான்.

"கண்டின்னா எனக்கு ஒரே பஸ்சுண்ணே. ஏறுனா எறங்குறதுதான்."

யோகன் சொன்னான்: "அப்ப கண்டி. ஆனா அஞ்சு பேரும் வரவேணும். நாலு பேர் கூடினால் அது செத்தவீடு மாதிரி இருக்கும்."

ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று முடிவானது. என்னைச் சொன்னார்கள். கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருந்தது எனக்குத்தான்.

கிளம்புகிற அன்று முருகேசன் கூப்பிட்டான். "டேய் காளி. அங்க போயி நீ நடக்கிற மாதிரி நடக்காத. நான் நடக்கிற மாதிரி நட."

சரி என்றேன்.

கண்டியில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. நின்றிருந்தது என்றும் சொல்ல முடியாது. மழை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை நனையவில்லை. ஆனால் துடைத்த முகம் மறுபடி ஈரமாகியது. எங்கள் ஊரில் மழை என்றால் ஓடி ஒதுங்குவோம். இங்கே யாரும் ஓடவில்லை. குடையை விரித்தபடி, எங்கோ போக மறந்தவர்கள் மாதிரி மெதுவாக நடந்தார்கள்.

நவ்ஸாத் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். தலை முழுக்க நரை. கட்டிப்பிடித்தான். பிறகு தள்ளிநின்று பார்த்தான்.

"என்ன அண்ணே, காஞ்சி கருவாடாப் பெய்த்தீங்க."

"நீ ஊறியிருக்க."

"கடைல குந்தியே ஈக்கிறது. வேறென்ன செய்ய."

அங்கிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். நான் முருகேசன் மாதிரி நடந்தேன். வலதுகால் வைத்து, இடதுகாலை இழுத்து, பத்து அடிக்கு ஒரு நிறுத்தம். நவ்ஸாத் முதலில் சிரித்தான். பிறகு அவனும் அதே மாதிரி நடந்தான். இரண்டு கிழவர்கள் போகிறார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பொய்யும் இல்லை.

கண்டியில் பஸ் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சில. குட்செட் என்கிற இடத்தில் சில. எந்த ஊருக்கு எங்கே என்பது அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். இடையில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றி இரும்புச் சாரம். இருவரும் அண்ணாந்து பார்த்தோம். மேல்தட்டு மேகத்துக்குள் போய்விட்டது. யாரோ அங்கே குழாயைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் தெரியவில்லை.

"நாலாவது முட்டு சரியில்ல," என்றான் நவ்ஸாத்.

ஆமாம் என்றேன். நடந்தோம்.

பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்பது முக்கியம். முருகேசனுக்கு ஒன்றரைச் சாணுக்கு மேல் கால் தூக்க வராது. செல்வராசாவுக்கு அதுவும் சந்தேகம். நான் குனிந்து சாண் போட்டேன். சிவப்பு அரசு பஸ், இரண்டு சாணும் நாலு விரலும். தனியார் பஸ், இரண்டு சாண். சின்ன பஸ் ஒன்று இருந்தது. அது ஒன்றரைச் சாண்.

மூன்றாவது பஸ்ஸில் சாண் போட்டபோது கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ கேட்டான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நவ்ஸாத் எனக்குத் தமிழில் சொன்னான்.

"பஸ்ஸுக்குச் சட்ட தைக்கவா அளவெடுக்கிறாருண்டு கேக்கிறான்."

"ஆமான்னு சொல்லு."

சொன்னான். கண்டக்டர் கொஞ்சம் யோசித்தான். பதில் சொன்னான்.

"அப்ப கை நீளமா வைக்கச் செல்றான். மழைக்கு."

அதே பஸ்ஸில் மடவளை போனோம். நெரிசல். நின்றுகொண்டே போனேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒரு கர்ப்பிணி ஏறினாள். யாரும் சொல்லாமலே இரண்டு பேர் எழுந்தார்கள். எங்கள் பக்கமும் எழுவார்கள், ஒரு சத்தம் போட்ட பிறகு. இதைக் கண்டிக்கு ஒரு நல்ல புள்ளியாக வைத்துக்கொண்டேன்.

நவ்ஸாத் வீட்டில் சாப்பாடு சஹனில். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம். நாங்கள் இரண்டு பேர்தான். அவன் மனைவி ரிஸானா ஐந்து பேருக்கான சோற்றைப் போட்டு, நடுவில் கோழியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்திருந்தார். நாங்கள் எங்கள் பக்கத்தை மட்டும் சாப்பிட்டோம். தட்டில் மீதி மூன்று பக்கமும் கைபடாமல் வெள்ளையாக இருந்தது.

"என்னத்துக்கு இவ்வளவு," என்று நவ்ஸாத் கேட்டான்.

உள்ளேயிருந்து ரிஸானா சொன்னார்: "அளவு பார்த்து வெச்சன். அவங்க வந்தா பத்துமா இல்லையாண்டு."

"பத்துமா?"

"யோகன் அண்ணன் எவ்வளவு சாப்பிடுவாருண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நிறைய சாப்பிடுவான் என்றேன்.

மறுநாள் கண்டிக்கு மேலே மலையில் இருக்கிற அம்பிட்டிய. நவ்ஸாத்துக்குப் பழக்கமான ஒருவர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு விடுகிறார். கூடுவதற்கு அதைத்தான் நினைத்திருந்தோம்.

கண்டி ஏரியைச் சுற்றி பஸ் திரும்பியது. தண்ணீர் அசையவில்லை. வானமும் அதே நிறம். எது மேலே எது கீழே என்று ஒரு நொடி பிடிபடவில்லை. தண்ணீர்ப் பறவை ஒன்று சுவர்மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது, கொடியில் போட்ட துணி மாதிரி. பிறகு பஸ் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் டவுன் சின்னதாகி, கடைசியில் கூரைகள் மட்டும் பனியில் மிதந்தன. எனக்குக் கண்ணைச் சுழற்றியது. தூங்கவில்லை. ஆனால் முழித்திருந்தேன் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

வீடு நல்ல வீடு. வாசல் வரை வண்டி வரும். இரண்டே படி. கமோடு இருக்கிறது. கூடத்தில் ஐந்து கட்டில் போடலாம். ஜன்னலைத் திறந்தால் மலை. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண் சூடாகப் பால் இல்லாத பிளேன் டீயும் ஒரு கட்டி வெல்லமும் கொடுத்தார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு டீயைக் குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் இரண்டையும் கலந்துவிடுவோம். தனித்தனியாக இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து த்ரீவீலில் வரலாம். ஆட்டோவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் படி ஒரு சாண்தான். யோகனுக்கு வழியில் ஒதுங்க இடம் இருக்கிறது. எல்லாம் சரி. மற்ற மூன்று பேருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.

"கண்டி சரியா இருக்கு. வீடு பாத்தாச்சு."

யோகன் பதில் போட்டான்: "நல்லது அண்ணை. நான் விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் அங்க நிப்பன்." முருகேசன் கேட்டான்: "வெந்நி வருமா?" செல்வராசாவிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது.

அதோடு முடிந்தது என்று திரும்பியிருக்கலாம். ஆனால் அவன் சொன்ன ஒரே பஸ்ஸை நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை. அவனுக்குச் சொல்லாமல் மூன்றாம் நாள் புசல்லாவை பஸ்ஸில் ஏறினேன். நவ்ஸாத்துக்குக் கடை இருந்தது.

நுவரெலியா போகிற பஸ். கம்பளை டவுனைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்றத் தொடங்கியது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. முன் இருக்கையில் இருந்தவரின் தலை மறைந்து மறைந்து தெரிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, புரியாத பாட்டு. ஒரு வளைவில் தேயிலைக்கு நடுவே பெண்கள் நின்றார்கள். அடுத்த வளைவிலும் அதே பெண்கள் நிற்பதுபோல் இருந்தது. பஸ் நகர்கிறதா, மலைதான் நகர்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு இரண்டும் நின்றன. என்ஜின் சூடாகிவிட்டது. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். எல்லோரும் இறங்கினோம். யாரும் கோபப்படவில்லை. அவித்த சோளம் விற்கிறவர் அந்த இடத்தில்தான் எப்போதும் நிற்பாராம். பஸ்கள் அங்கேதான் சூடாகும் என்பதால்.

ஒரு சிங்களப் பெரியவர் சோளத்தை இரண்டாக ஒடித்து எனக்குப் பாதி கொடுத்தார். ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற பெண் தமிழில் சொன்னாள்.

"ஒங்க ஊர்ல மல இருக்கான்னு கேக்குறாரு."

"இல்ல. கடல்."

அவர் தலையாட்டினார். மறுபடி ஏதோ சொன்னார்.

"அப்ப ஒங்க ஊர்ல ஆளுக வயசான பொறகும் கண்ட எடத்துக்குப் போவாங்கன்னு சொல்றாரு."

நான் சோளத்தைத் தின்றேன். அந்த நேரம் அது எனக்குப் பேச்சாக மட்டுமே பட்டது.

புசல்லாவையில் இறங்கினேன். படியில் சாண் போட்டேன். இரண்டு சாணும் மூன்று விரலும். செல்வராசா எப்படி ஏறுவான் என்று அப்போதுதான் முதல்முறை கேட்டுக்கொண்டேன். த்ரீவீல் பிடித்துத் தோட்டத்துப் பெக்டரி வரை போனேன். அதற்கு மேல் வண்டி போகாது என்று டிரைவர் நிறுத்திவிட்டார்.

"செல்வராசா இருக்கிற லயம் எங்க?"

அவர் மேலே கைகாட்டினார். பனிதான் தெரிந்தது. தேயிலைக்கு நடுவில் கல்படிகள் ஏறிப் போயின. ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, ஒன்று ஆடும். பாசி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

நான் மலைப்பக்கம் பிறந்தவன் இல்லை. ஆனால் பதினொரு வருடம் ஏணி ஏறியவன். அந்தப் படியில் மூன்று முறை நின்றேன். மூன்றாவது முறை நின்றபோது விஷயம் புரிந்தது. சாரத்தை எப்போதும் அடியிலிருந்துதான் சோதிப்போம். தரையில் பலகை போட்டிருக்கிறதா, முதல் குழாய் அதன்மேல் நிற்கிறதா. அது சரியில்லை என்றால் மேல்தட்டைப் பார்க்கவே வேண்டாம். நான் மேல்தட்டிலிருந்து தொடங்கியிருந்தேன். வெந்நீர் வருமா என்று பார்த்தேன். அவன் வாசலைப் பார்க்கவில்லை.

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நாலாவது வாசலில் செல்வராசா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கைத்தடி. என்னைப் பார்த்தான். எழவில்லை.

"யாருக்குமே சொல்லாம வாறதா," என்றான்.

"நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியா?"

அவன் மனைவி லெட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். கைத்துண்டால் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். "வாங்கண்ணே. படத்துல பாத்ததுதான். உக்காருங்க." பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப சொல்லுங்க, ஒரே பஸ்சுன்னு."

"ஒரே பஸ்தான். அதுல என்னா பொய்?"

"பஸ்சு வரைக்கும்?"

"பஸ்சு வரைக்கும் என்னான்னு யாருமே கேக்கல."

அது உண்மை. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

லெட்சுமி ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற காரம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அவன் கீழே இறங்கி ஒன்றரை வருடம். லயத்து முற்றத்தில் தடி ஊன்றி நடப்பான். குழாயடி வரை போவான். படி என்றால் இல்லை. கிளினிக்குக்கும் போவதில்லை. லெட்சுமிதான் துண்டுச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வருகிறாள்.

"இங்க முடியாத ஆள கம்பளில கட்டி, கம்புல கோத்து, நாலு பேரு எறக்கிருவாங்கண்ணே. பக்கத்து வீட்டு ஆளுக எல்லாம் ரெடி. இவருதான் மாட்டேங்குறாரு."

"ஏன்டா?"

"தோகாவுல விழுந்தப்ப நாலு பேரு தூக்குனீங்க. அந்த ஒரு தடவ போதும்."

"அப்ப கண்டிக்கு எப்படி வர்றதா இருந்த?"

லெட்சுமி சொன்னாள். "வாறதா இல்லண்ணே. அன்னைக்குக் காலையில காய்ச்சல்னு போன் போடுறதா இருந்தாரு. அதுக்குள்ள நீங்க நாலு பேரும் கண்டிக்கு வந்து சேந்துருப்பீங்களாம். வந்த பொறகு கலைஞ்சா போவீங்க, சந்தோசமா இருந்துட்டுப் போவீங்கன்னு சொன்னாரு."

"ஏய், வாய மூடு."

"மூட மாட்டேன்."

நான் ரொட்டியை வைத்துவிட்டேன். பிறகு எடுத்துச் சாப்பிட்டு முடித்தேன். கொடுத்ததை மீதி வைத்துப் பழக்கமில்லை.

லயத்தில் போன் குழாயடியில்தான் கேட்கும். அங்கே நின்று மூன்று பேரையும் கூப்பிட்டேன். உள்ளதைச் சொன்னேன். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

யோகன்தான் முதலில் பேசினான். "அவர் இறங்கேலாது எண்டால் நாங்கள் ஏறவேண்டியதுதானே, அண்ணை. இதில என்ன யோசினை?"

"வேன நான் எடுக்கிறன்," என்றான் நவ்ஸாத். "பெக்டரி வரைக்கும் வருந்தானே. சஹனையும் தூக்கிக்கொண்டு வாரன்."

முருகேசன் மட்டும்தான் பாக்கி.

"எத்தன படி?" என்றான்.

"எண்ணல."

"பதினொரு வருசம் எண்ணிட்டு ஏறுனவன். எண்ணலையாம்ல. எறங்கி எண்ணிட்டு வா."

இறங்கினேன். எண்ணினேன். ஏறி வந்து சொன்னேன்: "தொண்ணூத்தி நாலு."

"கைப்பிடி?"

"இல்ல."

"அப்ப என்னால ஆகாதுடா." குரலில் ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னான். "கைப்பிடி இருந்தா தொண்ணூறு இல்ல, நூறும் ஏறுவேன். உக்காந்து உக்காந்து ஏறுவேன். இல்லாம முடியாது."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கதிரையில் இருந்தவன் கேட்டான்: "என்னவாம்?"

"மூங்கில் எங்க இருக்கு?" என்றேன்.

ஓடைப்பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டு ஆள் வெட்டிக்கொள்ளச் சொன்னார், தானும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலை நவ்ஸாத் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். ஒரு சாக்கு நிறைய நைலான் கயிறு. மேலே ஏறி வந்ததும் பேச முடியாமல் நின்றான். அவன் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செல்வராசா கேட்டான்: "என்னா மச்சான், ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுவியே."

"பேசாதடா. மூச்சு வரட்டும்."

மூன்று படிக்கு ஒரு முளை. மண் ஈரம், கல் அதிகம். குழி தோண்டி, முளையை நட்டு, கல் போட்டு இடித்து, மேலே நீள மூங்கிலைப் படுக்க வைத்துக் கட்ட வேண்டும். இரும்புக் குழாய்க்கு முன்னால் நான் ஊரில் சவுக்குக் கம்பில்தான் சாரம் கட்டப் பழகினேன். கயிற்றுக் கட்டைக் கை மறக்கவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் இரண்டு மூன்று பேர் கடப்பாரையோடு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வந்து நின்றார். "இது யாரு சொல்லிச் செய்றது?"

லெட்சுமி கொழுந்துக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடித்தபடியே சொன்னாள். "யாரும் சொல்லலைங்கையா. வேணாம்னா நீங்க பிடிக்காம எறங்குங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பனி வரும். போகும். வந்தால் கையில் இருக்கும் முடிச்சு மட்டும் தெரியும். போனால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரியும். ஒரு பஸ் சாலையில் ஊர்ந்து போகும், சத்தமே இல்லாமல். அதில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோம். கட்டிக்கொண்டே இருந்தேன். எந்த ஊரில் இருக்கிறேன் என்பது அவ்வப்போது மறந்தது.

செல்வராசா கதிரையில் இருந்தபடியே மேற்பார்வை பார்த்தான். தடியை நீட்டி நீட்டிப் பேசினான்.

"நவ்ஸாத்து, அது என்னா கட்டு? தாவணி முடிச்சா?"

"நீ வந்து கட்டு."

"அண்ணே, ரெண்டாவது முள சாயுது."

"சாயல."

"நான் சொல்றேன், சாயுது."

போய்ப் பார்த்தேன். சாய்ந்திருந்தது. மறுபடி இடித்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கடைசி மூங்கிலும் கட்டி முடிந்தது. நானும் நவ்ஸாத்தும் கீழிருந்து மேலே வந்தோம், ஒவ்வொரு கட்டாக ஆட்டிப் பார்த்துக்கொண்டு. முற்றத்தில் உட்கார்ந்தோம். லெட்சுமி டீ கொடுத்தாள்.

செல்வராசா குடிக்கவில்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேலேருந்து நாலாவது முளையில ஒரு கட்டு தளர்வு," என்றான்.

"இப்பத்தான ஆட்டிப் பாத்தோம்," என்றான் நவ்ஸாத்.

"தளர்வுன்னு சொல்றேன்."

"இங்கேருந்து ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

"மூணாம் தட்டுலருந்து ஒன் கட்டு தெரியும் எனக்கு."

"அப்ப வந்து காட்டு."

நவ்ஸாத் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான்.

செல்வராசா தடியை ஊன்றி எழுந்தான். முற்றத்தின் ஓரம் வரை வந்தான். தடியை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையால் மூங்கிலைப் பிடித்தான். ஆட்டினான். இன்னொரு தடவை பலமாக ஆட்டினான். அசையவில்லை.

காலை வைத்தான்.

லெட்சுமி எழப்போனாள். நான் கையைக் காட்டினேன். உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒரு படிக்கு வெகுநேரம் எடுத்தது. நல்ல காலை முதலில் வைத்து, நின்று, மற்றதை இறக்கி, நின்று. மூச்சு எங்களுக்குக் கேட்டது. நான்கு கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். பனி வந்து அவன் கால்களை மறைத்தது. தலையும் தோளும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போயின.

நாலாவது முளையில் நின்றான். முடிச்சை விரலால் அழுத்தினான்.

"அண்ணே. வாங்க."

இறங்கிப் போனேன். தளர்வாகத்தான் இருந்தது. அவிழ்த்தேன். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். நான் இழுத்தேன். இரண்டு சுற்று கூடப் போட்டுக் கட்டினோம். அவன் ஆட்டிப் பார்த்தான்.

"இப்ப சரி," என்றான்.

கீழே இன்னும் படிகள் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். திரும்பினான்.

ஏறுவதற்கு இன்னும் நேரம் எடுத்தது. நான் பின்னால் வந்தேன், தொடாமல். நடுவில் ஒரு படியில் உட்கார்ந்தான். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான். எழுந்தான். கதிரையில் போய் விழுந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"முருகேசன்கிட்ட சொல்லுங்க," என்றான். "கைப்பிடி நிக்கிது."

குழாயடிக்குப் போய்க் கூப்பிட்டேன். சொன்னேன். முருகேசன் கேட்டது வேறு.

"அவன் எறங்குனானா?"

"எறங்குனான். ஏறுனான்."

"எத்தன?"

இறங்கியது பதினொன்று. ஏறியது பதினொன்று.

"இருபத்திரெண்டு," என்றேன்.